ஊர் வரலாற்றைக் குளத்தங்கரையில் தொடங்குங்கள்

நெல்லைச் சீமையில் ஊர்ப் பழமை தேடுகிறவர்கள் பெரும்பாலும் நேரே கோயிலுக்குப் போய்த் தலபுராணத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதில் தேவர்களும் முனிவர்களும் இருப்பார்கள்; மடை கட்டியவனும் நெல் அளந்தவனும் இருக்கமாட்டார்கள். இங்கே ஊர்களை உண்டாக்கியது தண்ணீர். ஆகவே குளத்தில் தொடங்குங்கள், கோயிலுக்குப் பிறகு வரலாம்.

பிசானம் என்னும் நெல் போகத்தின் அறுவடை முடிந்து குளம் வற்றிக் கிடக்கும் பங்குனி, சித்திரைதான் இதற்கு ஏற்ற காலம். கரையின் ஒரு கோடியில் இருந்து உபரித் தண்ணீர் வெளியேறும் மறுகால் வரை நடங்கள். ஒவ்வொரு மடையையும் குளத்தின் உள்பக்கம் இறங்கிப் பார்க்க வேண்டும். பழைய மடை என்றால் இரண்டு கல்தூண்கள் நிற்கும், இடையே துளை போட்ட குறுக்குக்கல் இருக்கும். மடை கட்டிக் கொடுத்தவர் பெயர் பொறித்திருந்தால் அந்தத் தூணின் முகத்தில் தேடுங்கள். தண்ணீர் நிற்கும்போது அது கண்ணில் படாது. இரும்பு ஷட்டர் போட்ட இடங்களில் பழைய தூணைப் பிடுங்கிக் கரையோரம் எறிந்திருப்பார்கள், அல்லது அது துணி துவைக்கும் கல்லாகியிருக்கும். புரட்டிப் பாருங்கள். மேலே காய்ந்த தரை அடியில் சேறாக இருக்கும், கம்பு ஊன்றிப் பார்த்தே கால் வையுங்கள். மடைக்கு ஊரார் சொல்லும் பெயர், அது எந்த வயக்காட்டுக்குப் பாய்கிறது என்ற இரண்டையும் அங்கேயே நோட்டில் குறித்துவிடுங்கள்.

வழியில் சுமைதாங்கி தென்படும். இரண்டு நிறுத்துக்கல், மேலே ஒரு படுக்கைக்கல். தலைச்சுமையை ஒத்தாசையில்லாமல் இறக்கி வைக்கும் உயரம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம் என்பதால், படுக்கைக்கல்லின் பக்கவாட்டில் பெயரும் ஆண்டும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இப்போது பாதையே இல்லாத வயலுக்கு நடுவில் சுமைதாங்கி நின்றால், பழைய நடைபாதை அந்த வழியாகத்தான் போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

இனி கோயில் சுவர். பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டு பேராகப் போங்கள். எழுத்து தெரிய வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து விழ வேண்டும். காலை ஏழு மணி வெயிலில் கிழக்குச் சுவர் அல்ல, தெற்குச் சுவரோ வடக்குச் சுவரோதான் நன்றாகப் படிக்கக் கிடைக்கும், ஏனென்றால் அவற்றின் மேல் வெயில் சாய்ந்து உரசிப்போகும். சித்திரை முதல் ஆவணி வரை காலை வெயில் வடக்குச் சுவரில் விழும், மற்ற மாதங்களில் பெரும்பாலும் தெற்குச் சுவரில். வெயில் விழாத சுவர் என்றால், ஒருவர் கண்ணாடியால் ஒளியைத் திருப்ப, மற்றவர் படம் எடுக்கலாம். இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் இன்னும் துலக்கமாகத் தெரியும். சாக்பீஸ், மைதா மாவு, எண்ணெய் எதையும் பூச வேண்டாம். கம்பி பிரஷ் கூடவே கூடாது. திருப்பணி என்ற பெயரில் மணல் வீசிக் கழுவியதில் போன எழுத்துகள் போதும்.

ஒவ்வொரு படத்திலும் மூன்றில் ஒரு பங்கு முந்தைய படத்தோடு ஒட்டி வரட்டும். அரையடி ஸ்கேல் ஒன்று கூடவே தெரியட்டும். புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் பெரிய பிழை, ஒவ்வொரு கல்லையும் தனித்தனிப் பக்கமாக நினைத்துப் படிப்பது. ஒரு வரி பல கற்களைக் கடந்து சுவரின் கோடி வரை ஓடும்; அதன் பிறகுதான் அடுத்த வரிக்குத் திரும்ப வேண்டும். அர்த்தம் திடீரென்று முறிந்தால், திருப்பணியில் கல் இடம் மாறியோ தலைகீழாகவோ வைக்கப்பட்டிருக்கலாம். புள்ளி போடும் வழக்கம் கல்லில் அரிது: ‘நெல’ என்றிருப்பது நெல். துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம், குறில் நெடில் கொம்பும் ஒன்றே. பதினோராம் நூற்றாண்டில் சோழர் வந்து காலூன்றுவதற்கு முந்தைய பாண்டியர் கல் வட்டெழுத்து என்னும் பழைய எழுத்துமுறையில் இருக்கும். அதை ஊகித்துப் படிக்காமல் படத்தைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

காலக்கணக்கில்தான் இங்கே அதிகம் வழுக்கும். ‘யாண்டு 5-ன் எதிர் 3’ என்றால் எட்டாம் ஆட்சியாண்டு. சுந்தரபாண்டியன் என்ற பெயரில் பல அரசர்கள் உண்டு, பெயரை மட்டும் வைத்து ஆண்டு சொல்லிவிடாதீர்கள். தென்கேரளத்து வேணாட்டரசர் கை ஓங்கியிருந்த களக்காடு, சேரன்மகாதேவி வட்டாரங்களில் கேரளத்து ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டு வரும். நம் பக்கம் அது ஆவணியில் பிறக்கிறது. அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். ‘கொல்லம் ௭௱௨௰ தை’ என்று கல்லில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அது ஏதோ எ, உ, ய என்ற எழுத்துகள் போலத் தோன்றும். உண்மையில் ஏழு நூறு, இரண்டு பத்து, ஆக 720. தை மாதம் என்பதால் 825 கூட்டினால் 1545. கூடவே சக ஆண்டு 1466 (தை மாதத்துக்கு 79 கூட்டினால் ஆங்கில ஆண்டு) என்றும், அறுபதாண்டுச் சுற்றில் குரோதி வருஷம் என்றும் இருந்தால் கணக்கு சரி. மூன்றில் ஒன்று இடித்தால் முதலில் உங்கள் வாசிப்பைச் சந்தேகப்படுங்கள்.

கல்லில் என்ன தேடுவது? அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியன் கல்வெட்டைப் பாருங்கள். இளங்கோக்குடிச் சபையாரிடம் அரசன் 290 காசு கொடுக்கிறான். காசுக்கு இரண்டு கலம் பலிசையாக, அதாவது வட்டியாக, ஆண்டுக்கு 580 கலம் நெல் அவர்கள் கோயிலுக்கு அளக்க வேண்டும். முதல் அப்படியே நிற்க, வட்டி மட்டும் செலவாகும் ஏற்பாடு. ஊரில் சபை இருந்தது, அது கடன் வாங்கியது, நெல் விளைந்தது என்ற மூன்றும் இந்த ஒரு வரியில் வந்துவிடுகின்றன. பெயரையும் கவனியுங்கள்: அம்பாசமுத்திரத்தின் அன்றைய பெயர்தான் இளங்கோக்குடி. உங்கள் ஊரும் இப்படி வேறு பெயரில் ஒளிந்திருக்கலாம். மத்திய கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகளில் தேடும்போது இன்றைய மாவட்டத்தை மறந்துவிட்டுப் பழைய தாலுகாவின் கீழ் பாருங்கள். தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும்தான் பிரிந்தன.

காகிதத்தில் முதலில் வாங்க வேண்டியது கிராமத்தின் அ-பதிவேடும் புலப்படங்களும். எது குளம், எது ஓடை, எது பாதை என்று சர்வே எண்ணோடு அவற்றில் இருக்கும். நீங்கள் நடந்து பார்த்ததோடு ஒப்பிடுங்கள். செங்கோட்டைப் பக்கத்து ஊர் என்றால் 1956 நவம்பருக்கு முந்தைய தஸ்தாவேஜுகள் திருவிதாங்கூர்க் கணக்கில் இருக்கும், சென்னையில் தேடி அலைய வேண்டாம். 1799இல் உண்டான முதலூர் போன்ற கிறிஸ்தவ ஊர்களில் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கேளுங்கள்.

மனிதர்களிடம் போவதற்குப் பங்குனி உத்திரத்தை விட நல்ல நாள் கிடையாது. ஊரை விட்டுப் போய் மூன்று தலைமுறை ஆனவர்களும் அன்று குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்கு வந்துவிடுவார்கள். “இந்த ஊர் வரலாறு என்ன?” என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். “அண்ணாச்சி, ஒங்க சாஸ்தா ஏன் இந்தக் குளத்தங்கரையில இருக்காரு? ஒங்க ஆளுக முந்தி எந்த ஊர்ல இருந்தாக?” என்று கேளுங்கள். சுடலைமாடன், இசக்கி கோயில்களின் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டை முழுசாகப் பதிவு செய்யுங்கள். சாமி எந்தெந்த ஊர் வழியாக வந்து பீடம் கொண்டது என்று பாடும் பகுதி பழைய பாதைகளைத் தேட உதவும். ஆண்டுக் கணக்குக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம்.

செம்மண் மேடான பரம்பில் நடக்கும்போது உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடுகளோ முதுமக்கள் தாழியின் விளிம்போ தெரிந்தால் தோண்டாதீர்கள், எடுக்கவும் வேண்டாம். இருந்த நிலையிலேயே படம் எடுத்து, அருகிலுள்ள சர்வே கல்லில் இருந்து எத்தனை அடி, எந்தத் திசை என்று எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் எழுத்தில் கொடுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை அறிவிக்காமல் வைத்திருப்பது 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.