சிங்கப்பூர் சைனாடவுனில் சாப்பிடுவது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கான செய்முறை

எந்தக் கடை நல்ல கடை என்ற பட்டியல் இணையத்தில் ஏராளம். அதைக் கையில் வைத்துக்கொண்டு போய், இடம் பிடிக்கத் தெரியாமல், சூப்பில் என்ன கிடக்கிறது என்று கேட்கத் தெரியாமல், கடைசியில் ஒரு கரும்புச்சாறு குடித்துவிட்டுத் திரும்புகிறவர்களும் ஏராளம். இது பட்டியல் அல்ல. வரிசையில் நிற்பதிலிருந்து தட்டைத் திருப்பி வைப்பது வரை என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்.

படி 1: எங்கே போவது

சைனாடவுன் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தின் 'ஏ' வாசலில் ஏறினால் பகோடா தெரு. அதன் மறுமுனையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1827-இல் தொடங்கிய அந்தக் கோயிலின் கோபுரத்தைத்தான் வெள்ளைக்காரர்கள் 'பகோடா' என்றார்கள், தெருவுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. கோயில் முனையில் சவுத் பிரிட்ஜ் சாலையில் வலது பக்கம் திரும்பி நடந்தால் புத்தர் பல் கோயில் வரும். அதன் பின்பக்கம் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ், எதிர்ப்பக்கம் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம். (மேக்ஸ்வெல்லின் முகவரி: 1, கடையநல்லூர் தெரு. நம் தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூரேதான்.) நேராக மேக்ஸ்வெல்லுக்கே போகிறவர்கள் மேக்ஸ்வெல் நிலையத்தில் இறங்கினால் நடையே மிச்சம்.

முதன்முறை என்றால் மேக்ஸ்வெல். சுமார் 100 கடைகள், அகலமான நடைபாதை, ஆங்கிலப் பலகைகள். சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் கடைகள் 200-க்கும் மேல். விலையும் சற்றுக் குறைவு, ஆனால் முதல் தடவை வழி தவறாமல் இருக்க முடியாது. அங்கே உணவுக்கடைகள் இருப்பது 2-ஆம் தளத்தில், அதாவது நம்மூர்க் கணக்கில் முதல் மாடி. தரைத்தளத்தில் துணிமணி, சாமான் கடைகள். கீழ்த்தளத்தில் மீன், காய்கறிச் சந்தை. தரைத்தளத்தையே சுற்றிவிட்டு "சாப்பாட்டுக் கடையே இல்லை" என்று திரும்பியவர்கள் உண்டு.

அப்பர் கிராஸ் தெருப் பக்கம் ஹொங் லிம் உணவங்காடி நிலையம் இருக்கிறது. நூடுல்ஸ் பிரியர்களுக்கு என் ஓட்டு அதற்கே. ஆனால் அது அலுவலகக்காரர்களை நம்பி ஓடும் இடம். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போனால் இழுத்து மூடிய கதவுகள்தான்.

பழைய பயணக் குறிப்புகளில் வரும் ஸ்மித் தெரு திறந்தவெளி உணவுத்தெருவைத் தேடாதீர்கள். அந்தத் தள்ளுவண்டிக் கடைகள் 2021-இல் மூடப்பட்டன.

படி 2: எப்போது போவது

காலை 10.30-லிருந்து 11.30-க்குள். 12 மணிக்கு அலுவலகக் கூட்டம் இறங்கும், 1.30 வரை நகராது. 2 மணிக்கு மேல் கூட்டம் இருக்காது, பல கடைகளில் சரக்கும் இருக்காது. சமைத்தது தீர்ந்தால் கடையை மூடிவிடுவார்கள். மறுபடி உலை வைக்கிற வழக்கம் இல்லை.

திங்கட்கிழமை பல கடைகளுக்கு வார விடுமுறை. மேக்ஸ்வெல்லின் புகழ்பெற்ற தியான் தியான் கோழிச்சோற்றுக் கடையும் அன்று இருக்காது. இது போக, தேசியச் சுற்றுப்புற வாரியம் 3 மாதத்துக்கு ஒருமுறை நிலையம் முழுவதையும் மூடித் துப்புரவு செய்ய வைக்கும். தேதிகள் வாரியத்தின் இணையப் பக்கத்தில் முன்கூட்டியே வரும், கிளம்புமுன் பாருங்கள். சீனப் புத்தாண்டு வாரத்தில் தெரு விளக்குகள் பார்க்கலாம், சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள்.

படி 3: முதலில் இடம், பிறகு சாப்பாடு

இங்கே முறை தலைகீழ். மேசையைப் பிடித்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் தனியாகக் கிடந்தால் அது மறந்துபோன பொருள் அல்ல. அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். 'சோப்' செய்வது என்பார்கள். சட்டம் இல்லை, ஆனால் எல்லோரும் மதிப்பார்கள். நீங்களும் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போகலாம். கைப்பேசியையோ கைப்பையையோ வைக்காதீர்கள். இருவராகப் போனால் ஒருவர் உட்காருவது இன்னும் உத்தமம்.

மேசையில் எண் இருந்தால் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சில கடைக்காரர்கள் கொண்டுவந்து தருவார்கள், அப்போது எண் கேட்பார்கள். 'செல்ஃப் சர்வீஸ்' என்று எழுதியிருந்தால் நீங்களேதான் தூக்கி வர வேண்டும்.

படி 4: இதில் என்ன இருக்கிறது?

தமிழ் வாசகர்களில் பாதிப்பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் இது நீளும்.

தட்டில் தெரிவதை ஒதுக்கச் சொல்வது சுலபம். பிரச்சினை கண்ணுக்குத் தெரியாத மூன்று இடங்களில்: சூப், கொழுப்பு, சம்பல் (பெரும்பாலும் இறால் விழுது கலந்த மிளகாய்த் துவையல்). 'வெஜிடபிள் நூடுல்ஸ்' என்றால் காய்கறி போட்ட நூடுல்ஸ் என்றுதான் பொருள். அது மிதப்பது பன்றி எலும்புச் சாற்றிலாக இருக்கலாம். "நோ மீட்" என்றால் துண்டுகளை எடுத்துவிட்டு அதே சாற்றில் தருவார்கள். கடைக்காரர் ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்டதைச் செய்தார். மாண்டரின் மொழியில் 'ரோவ்' என்ற சொல் இறைச்சிக்குப் பொது, வெறுமனே சொன்னால் பெரும்பாலும் பன்றி. கோழிக்கும் மீனுக்கும் தனிச்சொல். ஆகவே "ரோவ் வேண்டாம்" என்பதற்கு மீன் உருண்டை வந்து சேர்ந்தால் ஆச்சரியப்படக் கூடாது.

எங்கே என்ன ஒளிந்திருக்கும்:

சார் குவே தியாவ் (அகல அரிசி நூடுல்ஸ் வறுவல்): பன்றிக்கொழுப்பு, சீனத் தொத்திறைச்சி, மட்டி. மட்டி மட்டும் வேண்டாமென்றால் "நோ ஹம்" போதும்.

'கேரட் கேக்': கேரட்டும் இல்லை, கேக்கும் இல்லை. அரிசிமாவும் வெள்ளை முள்ளங்கியும் சேர்த்து அவித்து, முட்டையோடு வறுப்பது. கறுப்பு என்றால் இனிப்பான கெட்டி சோயா ஊற்றியது, வெள்ளை என்றால் ஊற்றாதது. பன்றிக்கொழுப்பில் வறுப்பது பழைய வழக்கம், கேட்டே ஆக வேண்டும். கிடைத்தால் வெள்ளையை வாங்குங்கள். முள்ளங்கியின் ருசி அதில்தான் தெரியும்.

லக்சா: தேங்காய்ப்பால் குழம்பு, நம் நாக்குக்குச் சட்டென்று பிடிக்கும். ஆனால் காய்ந்த இறாலை அரைத்த மசாலா. மேலே கிடக்கும் இறாலை எடுத்துவிட்டால் சைவமாகாது. சீன ரோஜாக்கிலும் (பழம், காய்கறிக் கலவை) இறால் விழுது உண்டு.

கலவைச்சோறு: கண்ணாடிக்குப் பின்னால் 20 வகை கறிகள், விரல் காட்டினால் அள்ளிப் போடுவார்கள். அவரைக்காய், கீரை என்று நம்பிக் காட்டுவதில் கொத்திய பன்றிக்கறியோ காய்ந்த இறாலோ கலந்திருக்கும்.

கோழிச்சோறு: கோழிக்கொழுப்பிலும் கோழிச்சாற்றிலும் வெந்த சோறு. பெரும்பாலும் பன்றி இருக்காது, ஆனால் அதே கடை பன்றி வறுவலும் விற்றால் வெட்டுப்பலகை ஒன்றுதான். எலும்போரம் இளஞ்சிவப்பாக இருந்தால் திருப்பிக் கொடுக்காதீர்கள். கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் வேகவைத்து ஐஸ் தண்ணீரில் முக்கி எடுப்பதால் அப்படி. தோலும் வழவழவென்று இருக்கும். அது பிடிக்காதவர்கள் வறுத்த கோழி கேட்கலாம்.

கேட்கும் முறைதான் முக்கியம். "நோ போர்க், ரைட்?" என்று கேட்காதீர்கள். அவசரத்தில் "கேன், கேன்" (ஆகட்டும், ஆகட்டும்) என்று பதில் வரும். நீங்கள் கேட்டது சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்திருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைக்கும் கேள்வியாகக் கேளுங்கள்: "அங்கிள், சூப் சிக்கன் ஆர் போர்க்?" அதற்குக் "கேன்" என்று பதில் சொல்ல முடியாது. கொழுப்புக்கு: "ஃப்ரை யூஸ் ஆயில் ஆர் லார்ட்?" பெண்மணி என்றால் 'ஆன்ட்டி'. வரிசை நீளமாக இருக்கும்போது மூன்றாவது கேள்வி கேட்காதீர்கள்.

கைப்பேசியில் பேசி மொழிபெயர்க்கும் செயலிகள் இந்த இரைச்சலில் உதவாது. வீட்டிலேயே "நான் சைவம், இறைச்சி, மீன், இறால், பன்றிக்கொழுப்பு, எலும்புச்சாறு வேண்டாம்" என்பதைச் சீன எழுத்தில் மாற்றி, ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமித்து, பெரிய எழுத்தில் காட்டுங்கள். வயதான கடைக்காரர்கள் ஆங்கிலத்தைவிட அதை வேகமாகப் படிப்பார்கள்.

முழுச் சைவர்கள் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டாம். நேராகச் சீனச் சைவக் கடைக்குப் போங்கள். 'வெஜிடேரியன்' என்று ஆங்கிலத்தில் இருக்கும், பல கடைகளில் ஸ்வஸ்திக் குறியும் இருக்கும். பௌத்த வழக்கப்படி பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்காத கடைகள் பல. 'மட்டன்', 'சார் சியூ' (பன்றி வறுவல்) என்று பெயர் பார்த்துப் பதற வேண்டாம், அவை கோதுமைப் புரதத்திலும் சோயாவிலும் செய்தவை. முட்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சீன மாதத்தின் 1-ஆம், 15-ஆம் நாள்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, சீனர்களும் சைவம் சாப்பிடுவதால் அங்கே வரிசை நீளும். புத்தர் பல் கோயிலின் கீழ்த்தளத்திலும் சைவ உணவுக்கூடம் உண்டு. பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்விடுங்கள்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கு வேலை சுலபம். குவான்யின் தெய்வத்தை வணங்கும் சீனர்கள் பலர் மாடு தொடமாட்டார்கள், அதனால் "நோ பீஃப்" எல்லோருக்கும் பழகிய சொல்.

ஹலால் பார்ப்பவர்கள் 'நோ போர்க் நோ லார்ட்' பலகையோடு நிறுத்தாதீர்கள், அது ஹலால் ஆகாது. முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சான்றிதழ் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். சைனாடவுனுக்குள் தெரிவு குறைவு. மாலை 7 மணிக்கு மேல் லாவ் பா சாட் உணவங்காடி பக்கம் பூன் டாட் தெருவில் சாத்தே (குச்சியில் செருகிச் சுட்ட இறைச்சி) கடைகள் திறக்கும், நடந்தே போகலாம்.

படி 5: எந்த வரிசையில் நிற்பது

நீண்ட வரிசை ருசிக்கு அடையாளம் என்பது பாதி உண்மை. மிச்சப் பாதி விருதுப் பலகை. சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் இருந்த ஒரு சோயா கோழிக் கடை 2016-இல் மிஷெலின் நட்சத்திரம் வாங்கியது, 2021-இல் இழந்தது. ஆனாலும் அந்தப் பெயருக்காக ஆள்கள் வந்தார்கள். வரிசையில் கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் அதிகமா, காலி டிபன் பாத்திரத்தோடு நிற்கும் பெரியவர்கள் அதிகமா என்று பாருங்கள். 15 நிமிடத்துக்கு மேல் நிற்கும் அளவுக்குக் கோழிச்சோற்றில் வித்தியாசம் இல்லை என்பது என் கருத்து.

படி 6: கோப்பி

சாப்பாடும் பானமும் வேறு வேறு கடை. 'கோப்பி' என்றால் கெட்டிப்பாலும் டிக்காஷனும். 'கோப்பி ஓ' என்றால் பாலில்லாமல் சர்க்கரை. 'கோப்பி சி' என்றால் இனிப்பில்லாத சுண்டிய பாலும் சர்க்கரையும். பின்னால் 'சியூ டாய்' சேர்த்தால் இனிப்புக் குறைவு, 'கோசொங்' சர்க்கரையே வேண்டாம், 'காவ்' திக்காக, 'பெங்' ஐஸ் போட்டு. தேநீருக்குக் கோப்பியை எடுத்துவிட்டு 'தே' போடுங்கள்.

நீரிழிவுக்காரர்கள் தவறுவது இங்கே: வெறும் 'கோப்பி கோசொங்' என்று கேட்டால் குழப்பம். கெட்டிப்பாலிலேயே சர்க்கரை இருக்கிறதே! பால் வேண்டும், சர்க்கரை வேண்டாம் என்றால் 'கோப்பி சி கோசொங்'.

படி 7: காசும் தட்டும்

ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், 2, 5, 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தாள்கள். பேநவ் (கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றம்) கியூஆர் எங்கும் உண்டு, ஆனால் அதற்குச் சிங்கப்பூர் வங்கிக் கணக்கு தேவை; வெளிநாட்டு அட்டைகள் பல கடைகளில் செல்லாது. ஒரு தட்டுக்குச் சுமார் 4 முதல் 6 வெள்ளி என்று கணக்கு வையுங்கள். பலகையில் உள்ளதே விலை. உணவகங்களில் விலைக்குப் பின்னால் '++' இருந்தால் 10% சேவைக் கட்டணமும் 9% பொருள் சேவை வரியும் சேரும். மாற்ற வேண்டிய பணம் இருந்தால் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸில் நாணய மாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

சாப்பிட்டு முடித்ததும் தட்டையும் டிஷ்யூ குப்பையையும் நீங்களே எடுத்து வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து கட்டாயம்: முதல் முறை எழுத்துபூர்வ எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு. பெயர் பார்த்து வையுங்கள்.

பிறகு சேர்த்தவை

தண்ணீர் இலவசமாக வராது. புட்டி கொண்டுபோங்கள்.

தாவ் ஹுவேய் (சோயாப்பால் கட்டி) சைவமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சூடாகத் தருவது பெரும்பாலும் ஜிப்சம் போட்டு உறையவைத்தது, பிரச்சினை இல்லை. குளிரக் குளிர, ஜெல்லி போல ஆடுகிற வகையில் சில கடைகள் ஜெலட்டின் சேர்க்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

பீப்பிள்ஸ் பார்க் பக்கம் மாலா சியாங் குவோ (நாமே பொறுக்கித் தரும் காய், இறைச்சியைக் காரமாக வறுத்துத் தருவது) வாங்கிவிட்டு விலை பார்த்துத் திகைத்தவர்களுக்கு: அது எடைக்கணக்கு, 100 கிராமுக்கு இவ்வளவு, இறைச்சிக்கும் காய்க்கும் பெரும்பாலும் வேறு விலை. உருளைக்கிழங்கும் தாமரைத்தண்டும் கனம், கீரையும் காளானும் லேசு. கிண்ணத்தை நிரப்பாமல் பாதியில் நிறுத்தி, எடை போட்டுப் பார்த்துவிட்டு மீதியைச் சேர்க்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். காரத்துக்கு 'சியாவ் லா' (குறைந்த காரம்) போதும். ஆந்திர ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கும் சிச்சுவான் மிளகின் மரமரப்பு புதிது; அது எரிக்காது, நாக்கையும் உதட்டையும் மரத்துப்போக வைக்கும். காய் மட்டும் போட்டாலும் வறுப்பது இறைச்சி வறுத்த அதே சட்டியில்தான்.