சதிக்கதைகளை நம்பும் நம் வீட்டு மனிதரிடம் பேசுவது எப்படி?

நமக்கு நெருங்கிய ஒருவர் திடீரென்று ஒருநாள் "நிலவில் மனிதன் இறங்கவே இல்லை, எல்லாம் ஸ்டுடியோவில் எடுத்த படம்" என்றோ "தடுப்பூசியில் எதையோ கலந்து நம்மைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறார்கள்" என்றோ பேச ஆரம்பித்தால் முதலில் சிரிப்பு வரும், அப்புறம் கோபம் வரும், கடைசியில் அவரோடு பேசுவதையே குறைத்துக்கொள்வோம். என் அண்ணனிடம் நானும் இதே வரிசையில்தான் போனேன். இரண்டு வருடம் அவருக்குக் கட்டுரை கட்டுரையாக அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒன்றையாவது அவர் திறந்து பார்த்தாரா என்பதே சந்தேகம். பிறகுதான் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்து, நிறையத் தடுமாறி, பேசும் விதத்தை மாற்றிக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், நான் வீணாக்கிய அந்த இரண்டு வருடம் உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கதை அவருக்கு என்ன தருகிறது என்று முதலில் பாருங்கள்

வாதத்தைத் தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள். கேரன் டக்ளஸ் என்ற பிரிட்டன் உளவியலாளர் தன் சகாக்களோடு 2017இல் எழுதிய கட்டுரையில், மனிதர்கள் சதிக் கோட்பாடுகள் பக்கம் போவதற்கு மூன்று தேவைகளைச் சொல்கிறார். நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும், பாதுகாப்பாகவும் வாழ்க்கை தன் கையில் இருப்பதாகவும் உணர வேண்டும், தன்னைப் பற்றியும் தன் கூட்டத்தைப் பற்றியும் நல்லவிதமாக நினைத்துக்கொள்ள வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு அண்ணன் முகம்தான் வந்தது. அவர் வேலை செய்த நிறுவனம் ஒரே வாரத்தில் மூடப்பட்டது, காரணம் யாரும் சொல்லவில்லை, விண்ணப்பங்களுக்குப் பதிலும் இல்லை. ராத்திரி இரண்டு மணி வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில்தான் இந்த வீடியோக்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, "உனக்கு மட்டும்தான் இது தெரிந்திருக்கிறது" என்று தட்டிக்கொடுக்க ஒரு கூட்டமும் இருந்தது. வேலை தேடித் தேடி ஓய்ந்த மனிதருக்கு அது சின்ன விஷயமா?

விட்சன், கலின்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008இல் ஒரு சோதனை செய்தார்கள். எதுவும் தன் கையில் இல்லை என்ற உணர்வை ஏற்படுத்திவிட்டு, வெறும் புள்ளிகள் இறைந்த படங்களைக் காட்டினால், இல்லாத உருவங்கள்கூடக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கின்றன. இன்னொன்றும் உண்டு: பெரிய விளைவுக்குப் பெரிய காரணம் இருந்தே ஆக வேண்டும் என்று நம் மனம் அடம்பிடிக்கும். 1963 நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டார். அமெரிக்க அதிபரையே ஆஸ்வால்ட் என்ற ஒற்றை ஆள் சுட்டுவிட்டான் என்பது இன்றைக்கும் பலருக்கு ஜீரணமாகவில்லை. இந்த அடம் படித்தவர்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அதனால் "இவ்வளவு படிச்சும் இதை நம்புறீங்களே" என்ற வாக்கியத்தை உங்கள் வாயிலிருந்து அடியோடு எடுத்துவிடுங்கள்.

உண்மையான சதிகளை ஒப்புக்கொள்ளுங்கள்

நான் ரொம்ப நாள் செய்த தவறு, "சதியெல்லாம் சும்மா" என்று ஒரேயடியாகச் சொன்னது. அது பொய், அண்ணனுக்கும் அது பொய் என்று தெரியும். அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை சிஃபிலிஸ் நோய் இருந்த சுமார் நானூறு கறுப்பின ஆண்களுக்கு அரசே சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தது, அதைக் குணமாக்கும் பெனிசிலின் மருந்து வந்த பிறகும்கூட. எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஒட்டுக்கேட்க ஆட்கள் புகுந்த வாட்டர்கேட் விவகாரத்தை மூடி மறைக்கப் பார்த்த அமெரிக்க அதிபர் நிக்சன் 1974இல் பதவி விலகினார். ஃபோக்ஸ்வேகன் தன் கார்களின் மென்பொருளிலேயே புகைச் சோதனையை ஏமாற்றும் வழியை வைத்திருந்தது 2015இல் அம்பலமானது. இவற்றை நீங்களே முதலில் சொல்லுங்கள், அவர் நிமிர்ந்து உட்காருவார். சொன்ன பிறகு கேளுங்கள்: இதெல்லாம் எப்படி வெளியே வந்தது? உள்ளே இருந்த யாரோ ஒருவர் பேசினார், ஒரு நிருபர் விடாமல் துரத்தினார், ஆய்வகத்தில் அளந்த எண்கள் பொருந்தவில்லை, ஆவணம் கிடைத்தது. நாம் பேசிக்கொண்டிருக்கும் கதையில் அப்படி யார் பேசினார், எந்தத் தாள் கிடைத்தது? இந்தக் கேள்வியை ஜெயிப்பதற்காகக் கேட்காதீர்கள், அவரும் நீங்களும் சேர்ந்து தேடுவதற்காகக் கேளுங்கள். குரலிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

எங்கே பேசுவது, எதைப் பேசுவது

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேசாதீர்கள், வேண்டவே வேண்டாம். பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் யாரும் தன் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள், மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. தனியாக, அவசரம் இல்லாத நேரத்தில், முடிந்தால் நேரில் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம்.

அண்ணன் பிடித்துக்கொண்டிருந்தது நிலவுக் கொடியை. "காத்தே இல்லாத இடத்துல கொடி எப்படிடா ஆடும்?" பழைய நானாக இருந்தால் உடனே ஒரு கட்டுரையை அனுப்பியிருப்பேன். அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் படத்தைக் காட்டுங்கண்ணா, பெரிசு பண்ணிப் பார்ப்போம்" என்றேன். விரலால் விரித்துக்கொண்டே போனோம். கொடியின் மேல் விளிம்பு அளவுகோல் வைத்தாற்போல நேராக இருந்தது. "மேல மட்டும் ஏன் இவ்வளவு விறைப்பா இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உள்ள கம்பி ஏதோ இருக்கு போல" என்று அவரே சொன்னார். ஆமாம், இருந்தது. காற்றில்லாத இடத்தில் கொடி துவண்டு தொங்கும் என்று தெரிந்துதான் நாசா மேல் மடிப்புக்குள் ஒரு குறுக்குக் கம்பியைச் செருகி அனுப்பியது. 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் அந்தக் கம்பியை முழுசாக இழுத்து நீட்ட முடியாமல் போனதால் துணியில் சுருக்கம் அப்படியே தங்கிவிட்டது, படத்தில் படபடப்பது போலத் தெரிவது அந்தச் சுருக்கம்தான். வீடியோவில் ஆடுவது அவர்கள் கம்பத்தைப் பிடித்துத் திருகும்போது, ஆட்டத்தை அடக்கக் காற்று இல்லாததால் அது கொஞ்சம் நீடிக்கிறது.

"சரி, அப்ப நட்சத்திரம் ஏன் தெரியல?" என்று அடுத்ததற்குத் தாவினார். இந்தத் தாவலுக்குத் தயாராக இருங்கள், எல்லாரும் தாவுவார்கள். நீங்களும் பின்னாலேயே ஓடினால் இருபது கேள்விக்கு அப்புறம் மூச்சு வாங்கும், ஒன்றும் தீர்ந்திருக்காது. "நட்சத்திரத்தை நாளைக்குப் பார்ப்போம்ணா, கொடி விஷயம் முடிஞ்சுதா?" என்றேன். "முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோ" என்றார். அவ்வளவு போதும், அன்றைக்கு அதோடு எழுந்துவிட்டேன்.

ஆதாரம் காட்டினால் பிடிவாதம் இன்னும் கூடிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. 2010இல் வந்த ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது. பிறகு பல தலைப்புகளில், ஏராளமான ஆட்களிடம் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படி நடப்பது அபூர்வம் என்று தெரிந்தது. 2024இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வில், சதிக் கோட்பாடுகளை நம்பிய சுமார் இரண்டாயிரம் பேரை ஒரு செயற்கை நுண்ணறிவு உரையாடியோடு (சாட்பாட்) பேச வைத்தார்கள். நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது. காரணம் எனக்கு நன்றாகப் புரிகிறது: ஒவ்வொருவரும் சொன்ன அதே காரணத்துக்கு, பொறுமையாக, திட்டாமல் பதில் கிடைத்தது. நாம் வீட்டில் செய்யாதது அதுதான். அவர் கொடியைக் கேட்டால் நாம் தடுப்பூசியைப் பற்றிப் பேசுகிறோம்.

சின்னதாக ஒன்று. பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லி மறுக்காதீர்கள், உண்மையில் ஆரம்பியுங்கள். திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம், பொய்யாக இருந்தாலும், உண்மை போலத் தோன்றும் என்பது 1977 முதலே சோதனைகளில் தெரிந்த விஷயம்.

எங்கே பொறுமையை நிறுத்த வேண்டும்

நிலவுக் கொடியால் யாருக்கும் காயம் இல்லை. எல்லாக் கதையும் அப்படி அல்ல, இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் பேச மாட்டேன். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டன் மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்துத் தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு எழுதிய கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் திரும்பப் பெற 2010 ஆகிவிட்டது. அதற்குள் பயந்துபோன பெற்றோர் ஊசியைத் தள்ளிப்போட்டு, தட்டம்மை திரும்பி வந்தது. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் பெரியவர்கள் ஆறு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், ஆனால் அது நாடகம் என்று அலெக்ஸ் ஜோன்ஸ் என்ற வானொலிப் பேச்சாளர் பரப்பியதை நம்பியவர்கள், பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த பெற்றோரைத் தேடிப் பிடித்து "நடிக்கிறீர்கள்" என்று வருடக்கணக்கில் துன்புறுத்தினார்கள். ஜோன்ஸ் நூறு கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தர வேண்டும் என்று 2022இல் நீதிமன்றங்கள் விதித்தன. அந்தப் பெற்றோரை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. வாஷிங்டனில் 2016இல் ஓர் உணவகத்தின் நிலவறையில் குழந்தைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நம்பிய ஒருவர் துப்பாக்கியோடு போய்ச் சுட்டார். அங்கே நிலவறையே இல்லை.

ஆகவே உங்கள் ஆள் குழந்தையின் ஊசியை நிறுத்தினால், மருந்தை விட்டுவிட்டால், யாரையாவது பெயர் சொல்லித் திட்டவோ மிரட்டவோ ஆரம்பித்தால், கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் நேரம் முடிந்தது. "உங்க மேல எனக்குப் பாசம் இருக்கு, ஆனா இதை நான் செய்ய விட மாட்டேன்" என்று நேராகச் சொல்லுங்கள். அவர் மதிக்கும் ஒரு மருத்துவரையோ நண்பரையோ கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மற்றபடி, கதையைத் தொடாத நாட்களும் வேண்டும். நான் வாரத்தில் ஒருநாள் அண்ணனோடு நடக்கப் போகிறேன், அந்த ஒரு மணி நேரம் வீடியோ பேச்சே கிடையாது. அவருக்கு இப்போது ஒரு சின்ன வேலை கிடைத்திருக்கிறது, இரவில் போன் பார்ப்பது குறைந்திருக்கிறது. தடுப்பூசி விஷயத்தில் இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை, மருந்து நிறுவனங்கள் மேல் அவருக்கு இருக்கும் கோபத்தில் பாதி எனக்கும் இருப்பதால் அதைப் பொறுமையாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். வழக்கமாகக் கீழே "கண்ணைத் திற" என்று இருக்கும், இந்த முறை "இது சரியா பாரு" என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.