ஒரே ஒரு பழைய நாளிதழ்ப் பக்கத்தை வைத்துச் சமூகவியல் வகுப்பு நடத்துவது எப்படி?

உயர்நிலை மூன்று வகுப்பில் ஸ்லைடு போட்டால் பாதிப் பேர் திரையைப் பார்ப்பார்கள். மீதிப் பேர் தங்கள் மடிக்கணினியில் வேறெதையோ பார்ப்பார்கள். போன தவணையில் ஸ்லைடை ஒதுக்கிவிட்டு, பழைய நாளிதழ்ப் பக்கம் ஒன்றை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். இரண்டாவது முயற்சியில் சரியாக வந்தது. முதல் முயற்சியில் சொதப்பியதையும் சேர்த்தே சொல்கிறேன். நான் எடுத்துக்கொண்டது, சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ குடியிருப்பில் 1961இல் பிடித்த பெரும் தீ.

படி 1: கேள்வி

எந்தத் தளத்தையும் திறக்கும் முன் கேள்வியை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். என் கேள்வி: வீடிழந்தவர்களுக்கு அன்றிரவு எது அவசரமாகத் தேவைப்பட்டது?

படி 2: பக்கத்தைத் தேடுவது

தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' தளத்துக்குப் போங்கள். ஆங்கில நாளிதழ்களோடு தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே இருக்கின்றன.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். தீ பிடித்தது 1961 மே 25. தேடலிலும் அந்தத் தேதியையே கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. 'புக்கிட்', 'ஹோ சுவீ' என்று எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றி முக்கால் மணி நேரம் போனது. அப்புறம்தான் உறைத்தது: பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பிடித்த தீ, அன்று காலையே அச்சாகிவிட்ட நாளிதழில் எப்படி வரும்? மே 26 முதல் ஒரு வாரம் என்று மாற்றியதும் செய்திகள் கொட்டின.

இன்னொன்று. பழைய அச்சைக் கணினி படிக்கும்போது எழுத்துகள் பிசகும். நீளமான சொற்றொடரைத் தேடாமல் ஒரே ஒரு சொல்லைக் கொடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் தேதியைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். எனக்கு இப்போது அதுதான் பிடித்திருக்கிறது.

இணைப்பை நகலெடுத்ததும், முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடுங்கள். பள்ளிக் கணக்கில் நுழையாத வேறொரு கருவியிலும் திறந்து பாருங்கள். சில பக்கங்களை நூலகத்துக்குள் மட்டுமே பார்க்க முடியும். அது வகுப்பில் நாற்பது பேர் முன்னால் தெரியவந்தால் கஷ்டம்.

படி 3: வகுப்பில்

செய்தியை மட்டும் வெட்டிக் கொடுக்காதீர்கள், முழுப் பக்கத்தையும் கொடுங்கள். ஐந்து நிமிடம் இருவர் இருவராகச் சும்மா பார்க்கட்டும். ஒரு பையன் செய்தியை விட்டுவிட்டு விளம்பரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டப் போனேன். "டீச்சர், இவ்வளவு பேருக்கு வீடு போயிருக்கு, பக்கத்திலேயே கடை விளம்பரமா?" என்றான். அன்றைய வகுப்பில் வந்த நல்ல கேள்வி அதுதான்.

அத்தாப்பு என்றால் என்ன என்று முன்பே சொல்லிவிடுங்கள். கூரை ஓலை என்று தெரியாவிட்டால், தீ ஏன் அப்படிப் பரவியது என்பது புரியாது. அன்று ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை, சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள் என்பதை நான் கடைசியில்தான் சொன்னேன். முதலிலேயே சொன்னால் அந்த எண்களை எழுதி வைத்துக்கொண்டு பக்கத்தை மூடிவிடுகிறார்கள்.

படி 4: பதில்களைச் சேர்ப்பது

எனக்குப் பிடித்தது பேட்லெட், அதாவது மாணவர்கள் பதில்களை ஒட்டும் இணையப் பலகை. கஹூட் என்ற இணையப் புதிர்ப்போட்டி எனக்கு ஒத்துவரவில்லை. வேகமாக அழுத்துபவர் ஜெயிக்கிறார், ஆதாரத்தைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. ஆனால் பேட்லெட்டில் 'ஆசிரியர் ஒப்புதலுக்குப் பிறகே காட்டு' என்பதைப் போட்டுவிடுங்கள். நான் மறந்துவிட்டேன். இரண்டே நிமிடத்தில் பலகை முழுக்கத் தீயணைப்பு வண்டிப் பொம்மைகள்.

ஒவ்வொரு பதிலோடும் செய்தியிலிருந்து ஒரு வரியை ஒட்டச் சொல்லுங்கள். தேர்வில் ஆதாரத்தைக் கொடுத்துக் கேட்கும் கேள்விகளுக்கு அவர்கள் செய்ய வேண்டியதும் அதுதானே.

படி 5: வரைபடம் (நேரம் இருந்தால்)

ஓர் இடம் ஆண்டுதோறும் மாறுவதைச் செயற்கைக்கோள் படங்களில் காட்டும் கூகல் எர்த் டைம்லேப்ஸ் 1984இல்தான் தொடங்குகிறது, 1961க்கு உதவாது. பழைய வரைபடம் வேண்டுமென்றால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக நூலகத்தின் வரலாற்று வரைபடத் தளத்தைப் பாருங்கள். இன்றைய இடத்தைக் காட்ட, சிங்கப்பூர் அரசின் இணைய வரைபடமான ஒன்மேப் போதும்.

பின்சேர்க்கை: வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைச் சேர்க்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். தாராளமாக. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தமிழ் நேர்காணல்கள்கூட இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் பல பகுதிகளாக மணிக்கணக்கில் ஓடும். நீங்களே முன்கூட்டிக் கேட்டு, இரண்டு நிமிடத் துண்டு ஒன்றைத் தேர்ந்து, எந்தப் பகுதி, எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக் கொடுங்கள்.

பின்சேர்க்கை 2: தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் முழுப் பக்கம் அதிகம் என்றார். அவர் சொல்வது சரி. தொடக்கநிலை நான்குக்கு ஒரு படமும் அதன் கீழுள்ள வரியும் போதும்.