யாஹூவிலிருந்து எழுதினால் மட்டும் குழு மெயில் திரும்பி வந்தது

எங்கள் அம்பத்தூர் குடியிருப்போர் சங்கத்தின் மெயில் குழுவை மெயில்மேன் 3 என்ற குழு மெயில் மென்பொருளில் ஓட்டுகிறேன். செயலாளர் சார் யாஹூவிலிருந்து எழுதினால் மட்டும் ஜிமெயில்காரர்களுக்குப் போகாது. அதைவிடக் கொடுமை, திரும்பி வந்த மெயில்களை எண்ணிப் பார்த்து, ஒரு தப்பும் செய்யாத உறுப்பினர்களை மெயில்மேன் முடக்கிவிட்டது.

சர்வரின் லாகைத் (பதிவுக் கோப்பை) திறந்தால் வரிக்கு வரி டிமார்க். ஒரு டொமைனின் பெயரில் போலி மெயில் வராமல் தடுக்கும் ஏற்பாடு அது. யாஹூ 2014 ஏப்ரலிலேயே தன் டிமார்க் கொள்கையை 'ரிஜெக்ட்' (தேறாததைத் திருப்பி அனுப்பு) என்று கறாராக்கிவிட்டது. அதாவது, யாஹூ பெயரில் வரும் மெயில் யாஹூ டொமைனுக்கே எஸ்பிஎஃப் (அனுப்பும் சர்வருக்கு அனுமதி உண்டா என்ற சோதனை), டிகேஐஎம் (மெயிலில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்துச் சோதனை) இரண்டில் ஒன்றிலாவது தேற வேண்டும். குழு மெயிலை அனுப்புவது எங்கள் சர்வர், ஆகவே எஸ்பிஎஃப் கைகொடுக்காது. தலைப்பில் சங்கத்தின் பெயரை ஒட்டி, அடியில் நாலு வரி சேர்த்தால் டிகேஐஎம் கையெழுத்தும் செல்லாது. அரக்கு முத்திரை வைத்த கவரைப் பிரித்து ஒட்டின மாதிரிதான்.

தலைப்பையும் அடிக்குறிப்பையும் தொடாமல் விடுவது ஒரு வழி. ஆனால் கமிட்டியில் யார் ஒத்துக்கொள்வார்கள்? அதனால் மெயில்மேனின் டிமார்க் அமைப்புகளுக்குப் போய், அனுப்புநர் இடத்தில் குழு முகவரி வரும்படி மாற்றினேன். எல்லோருக்கும் அல்ல, கறாரான கொள்கை உள்ள டொமைன்களுக்கு மட்டும். இப்போது சாரின் பெயருக்குப் பக்கத்தில் 'சங்கம் வழியாக' என்பதுபோல் வருகிறது. பதில் போட்டால் அவருக்கும் போகிறது.

இதோடு விட்டால் பாதி வேலைதான். இப்போது அனுப்புநர் எங்கள் டொமைன், அதுவும் சோதனையில் தேற வேண்டுமே. எங்கள் டொமைனுக்கு டிகேஐஎம் சாவி உருவாக்கி டிஎன்எஸ்ஸில் (டொமைனின் பொதுப் பதிவேட்டில்) ஏற்றினேன், எஸ்பிஎஃப் பதிவில் சர்வர் ஐபியைச் சேர்த்தேன். அப்புறம் முடங்கிக் கிடந்தவர்களை ஒவ்வொருவராக மறுபடி இயக்கிவிட்டேன்.