புகைக்கூண்டு அடைபட்ட பழைய வீட்டில் கேஸ் அடுப்பு வைப்பது எப்படி?

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்துப் பழைய வீடுகளில் விறகடுப்புக்கு மேலே கட்டிய புகைக்கூண்டு பெரும்பாலும் ஓடு சரிந்தோ குருவிக்கூடு அடைத்தோ கிடக்கும். கேஸில்தான் புகை வராதே, கூண்டு எதற்கு என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். புகை வராதது உண்மைதான். ஆனால் ஒரு கிலோ கேஸ் எரிய 12 கன மீட்டருக்குக் குறையாத காற்று வேண்டும். எரிந்த பின் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவியும் சுமார் 3 கிலோ கரியமில வாயுவும் அந்த அறையில்தான் சேரும். காற்று போதாவிட்டால் வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் உண்டாகும்.

முதலில் இடம். கூண்டுக்கு நேர் கீழே அடுப்பை வைக்காதீர்கள்; பழைய கரியும் சுண்ணாம்புக் காரையும் உதிர்ந்து பர்னரை அடைக்கும்.

அடுத்தது காற்று வழி. வேலையில் பாதி இதுதான். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானதால், கசிந்தால் தண்ணீரைப் போலத் தரையோடு பரவும். ஆகவே வெளிச்சுவரில் தரையை ஒட்டி ஒரு துவாரமும், சூடும் ஆவியும் வெளியேறக் கூரைக்குச் சற்றுக் கீழே இன்னொன்றும் வேண்டும். கடற்பாறைக் கல்லைச் சுண்ணாம்பில் வைத்துக் கட்டிய சுவரைச் சம்மட்டியால் அடித்தால் பக்கத்துக் கல்லும் ஆட்டம் கண்டுவிடும். உளியால் ஒரு கல்லை மட்டும் நெம்பி எடுத்து, ஓரத்தைச் சுண்ணாம்புக் காரையாலேயே பூசுங்கள். எங்கள் வீட்டில் கீழ்த் துவாரத்தில் பெருச்சாளிக்குப் பயந்து அம்மா கோணிச் சாக்கைத் திணித்து வைத்திருந்தார். கம்பி வலை அடித்துக் காட்டிய பிறகுதான் அதை எடுக்கச் சம்மதித்தார்.

ஆடி மாதக் கச்சான் காற்று வீசும்போது தீ அணைகிறதே என்று சன்னலைச் சாத்திவிடுவது இங்கே எல்லோரும் செய்யும் தவறு. அணைந்த பர்னரிலிருந்து கேஸ் வந்துகொண்டே இருக்கும் என்பதால், சன்னலைச் சாத்தாமல் அடுப்பைக் காற்றின் நேர்ப்பாதையிலிருந்து நகர்த்தி வையுங்கள்.

14.2 கிலோ சிலிண்டர் சமதரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும்; அடுப்பு அதைவிட உயரமான கல் மேடையில் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள டியூப் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது, சுவருக்குள் போகக் கூடாது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். முதல் இணைப்பை ஏஜென்சி மெக்கானிக்கிடமே விடுங்கள். அவர் ரெகுலேட்டரை மாட்டுமுன் வால்வுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று நீங்களும் குனிந்து பாருங்கள்.

மாட்டிய பின் அடுப்புக் குமிழ்களை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள். கசிவு இருந்தால் நுரையில் ஒரு குமிழி மெல்ல உப்பி, உடைந்து, அதே இடத்தில் மறுபடி உப்பும். தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்காதீர்கள். கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே போய் 1906-க்கு அழையுங்கள்.

கடைசியாகப் பற்றவைத்துப் பாருங்கள். தீ நீலமாக நிற்க வேண்டும். மஞ்சளாக ஆடிப் பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், முதலில் துவாரங்கள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். திறந்திருந்தால் பர்னரைக் கழற்றித் துடையுங்கள், ஏனென்றால் நம் கரையில் உப்புக்காற்று பட்ட இரும்பு சீக்கிரமே துருத்தூள் விடும்.