டெல்டா கிராமத்துக்கு பிராட்பேண்ட்: சமதரையில் சறுக்கும் இடங்கள்

மலை இல்லை, காடு இல்லை, இழுத்துக் கட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் டெல்டாவில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

பேராவூரணிப் பக்கம் மொட்டைமாடியில் நின்றால் அடுத்த ஊர் டவர் தெரியும். தெரிகிறதே என்று வயர்லெஸ் டிஷ்ஷை மாட்டிவிடுவார்கள். ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை; நடுவழியில் புடைத்துக்கொண்டு போகும். 5.8 கிகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டர் இணைப்பு என்றால், நட்டநடுவில் அந்தப் புடைப்பின் ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் 60 சதவீதம், அதாவது தென்னை மட்டைக்கு மேலே கிட்டத்தட்ட 5 மீட்டர், வெறும் வெளியாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் சோதித்துவிட்டு ‘ஜோராக வருகிறது’ என்று கிளம்பினால், ஐப்பசியில் நனைந்த மட்டை சிக்னலை விழுங்கிவிடும். மரமும் சும்மா இருக்காது, வளரும்.

ஃபைபர் போடுபவர்களின் தவறு வாய்க்கால் கரை. நேரான வழி, தார்ச்சாலையை உடைக்க வேண்டாம். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் தூர்வார பொக்லைன் இறங்கும். கரையைச் சீவும்போது கேபிளும் மண்ணோடு வந்துவிடும். கரையை விட்டுத் தள்ளி, 1.65 மீட்டர் ஆழத்தில், மேலே எச்சரிக்கை நாடா விரித்துப் புதையுங்கள். வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் பாலத்தை ஒட்டி ஜிஐ குழாய்க்குள் கொண்டுபோவது நல்லது. வயல் எலி உள்ள இடத்தில் எஃகுக் கவசக் கேபிள்தான் தாங்கும். ஜாயின்ட் பெட்டியைக் குழிக்குள் வைக்காதீர்கள், மழைக்காலம் முழுக்க மூழ்கிக் கிடக்கும், கம்பத்தில் ஏற்றுங்கள்.

அறுந்த இழையைச் சேற்றுக் கையோடு ஒட்டுவதும் நடக்கிறது. சிக்னல் இழப்பை டெசிபலில் அளப்பார்கள்; சுத்தமான ஒட்டில் 0.1 டெசிபல்கூடப் போகாது, அழுக்கு ஒட்டில் அரை டெசிபல் போகும். ஒரே இழையின் ஒளியை 32 இணைப்புகளுக்குப் பிரிக்கும் 1:32 ஸ்பிளிட்டரே சுமார் 17 டெசிபல் தின்னும். வீடுகளுக்கு ஃபைபர் தரும் ஜிபான் முறையில், பி+ வகையில் இழப்புக்கென்று மொத்தம் கையில் இருப்பது 28. கேபிளின் நீளத்துக்கு கிலோமீட்டருக்கு 0.35 தனி.

கம்பத்தில் இழுப்பவர்கள் வைக்கோலை மறந்துவிடுகிறார்கள். சம்பா அறுவடை முடிந்ததும் போர் போல ஏற்றிய டிராக்டர், தாழ்ந்த கேபிளை இழுத்துக்கொண்டே போகும். பாதை குறுக்கிடும் இடத்தில் தொய்வையும் கணக்கிட்டு 6 மீட்டர் விடுங்கள்.

மின்வெட்டுக்கு 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி போதும், 10 வாட் மோடம் ஐந்தாறு மணி நேரம் ஓடும். புயலுக்கு அது போதாது. 2018 நவம்பரில் கஜா கம்பங்களைச் சாய்த்ததுபோல் இன்னொரு முறை சாய்த்தால் உதவுவது உபரிக் கேபிள்தான். சில கம்பங்களுக்கு ஒன்றில் 10, 15 மீட்டரைச் சுருட்டிக் கட்டி வைத்தால், புதுக் கேபிள் வரும்வரை காத்திராமல் அறுந்த இடத்தை இழுத்து ஒட்டிவிடலாம்.