கருக்கலைப்பு பற்றிய விவாதத்தில் நேர்மையாகப் பேசுவது எப்படி?

கருக்கலைப்பு சரியா தவறா என்று யாராவது கேட்டவுடன் பதில் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன: கருவில் வளரும் உயிருக்கு அறநெறிப்படி என்ன மதிப்பு, அதற்காகத் தன் உடலைத் தர ஒரு பெண் எந்த அளவுக்குக் கடமைப்பட்டவள், அந்தக் கடமையைத் தண்டனை காட்டி அரசு நிறைவேற்றலாமா. ஒருவர் முதல் கேள்வியிலும் மற்றவர் மூன்றாவதிலும் நின்று பேசுவதால்தான் பெரும்பாலான விவாதங்கள் சண்டையாகின்றன. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள்.

வாரக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல், எத்தனை வாரம் வரை கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்ற சட்ட வரம்புகளைப் பற்றிப் பேசுவதும் தவறு. கர்ப்ப காலத்தை மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஆகவே 'ஆறு வாரம்' என்று சொல்லும்போது கருத்தரித்து ஏறத்தாழ நான்கு வாரங்களும், மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரங்களும் மட்டுமே ஆகியிருக்கும். சுழற்சி சீராக இல்லாத பெண்ணுக்குத் தான் கர்ப்பமாக இருப்பதே அப்போது தெரிந்திருக்காது.

பிறகு, உங்களுக்கு உடன்பாடில்லாத தரப்பில் மிகத் திறமையாகப் பேசியவரைத் தேடிச் செல்லுங்கள். 1971-இல் கருக்கலைப்பை ஆதரித்து எழுதிய அமெரிக்க மெய்யியலாளர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன், கரு முழு மனிதர்தான் என்று வாதத்துக்காக ஏற்றுக்கொண்டே தொடங்கினார். நீங்கள் கண் விழிக்கும்போது, புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஒருவர் உயிர் பிழைப்பதற்காக, உங்கள் சம்மதம் இல்லாமலே உங்கள் சிறுநீரகங்களோடு இணைக்கப்பட்டிருக்கிறார். ஒன்பது மாதம் அப்படியே படுத்திருக்க நீங்கள் கடமைப்பட்டவரா என்று கேட்டார். வாழும் உரிமை என்பது இன்னொருவர் உடலைப் பயன்படுத்தும் உரிமையாகிவிடாது என்பதே அவர் வாதம். வன்புணர்வால் உண்டான கர்ப்பத்துக்கு மட்டும்தானே இந்த உவமை முழுமையாகப் பொருந்தும் என்ற எதிர்க்கேள்வியையும் சேர்த்தே சிந்தியுங்கள்.

மறுபுறம், 1989-இல் கருக்கலைப்பை எதிர்த்து எழுதிய அமெரிக்க மெய்யியலாளர் டான் மார்க்விஸ், கரு மனிதரா என்ற கேள்வியையே ஒதுக்கி வைத்தார். கொலை ஏன் தவறு என்றால், கொல்லப்பட்டவர் வாழவிருந்த எதிர்காலம் முழுவதும் பறிக்கப்படுகிறது. கருவுக்கும் அத்தகைய எதிர்காலம் உண்டு என்றார். மதநூல் எதையும் சாராத இந்த வாதத்தை வெறும் மதநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த எதிர்காலம் ஒரு பெண்ணின் உடல் வழியாக மட்டுமே வர முடியும் என்பதற்கு அது போதிய இடம் தரவில்லை என்பது என் எண்ணம்.

அரசு தண்டனை காட்டித் தடுக்கலாமா என்ற மூன்றாவது கேள்விக்கு வரலாற்றைப் பாருங்கள். ருமேனியா 1966-இல் சில விலக்குகள் தவிரக் கருக்கலைப்பைத் தடை செய்தது. மறு ஆண்டு பிறப்புகள் ஏறத்தாழ இரட்டிப்பாயின. ஆனால் பெண்கள் இரகசிய வழிகளைத் தேடிக்கொள்ள, பிறப்பு விகிதம் மீண்டும் சரிந்தது, தாய்மார் மரணம் பெருகியது. 1989 டிசம்பரில் தடை நீங்கியதும், அடுத்த ஆண்டிலேயே அந்த மரண விகிதம் ஏறக்குறைய பாதியானது. கருவின் மதிப்பு என்ன என்பதற்கு இது விடையாகாது. ஆனால் தடையை ஆதரிப்பவர் இந்த மரணங்களுக்குப் பதில் சொல்லாமல் நகரக் கூடாது. அயர்லாந்து 1983-இல் தாய்க்கும் பிறவாத உயிருக்கும் சமமான வாழ்வுரிமை என்று அரசியலமைப்பில் எழுதியது. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலையில் அந்தச் சமத்துவம் மருத்துவரின் கையைக் கட்டிப்போட்டது. 2018-இல் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அதை நீக்கினார்கள்.

உங்கள் நிலைப்பாட்டை அதற்கு மிகக் கடினமான இடத்தில் சோதியுங்கள். கருவைக் கலைப்பதா வேண்டாமா என்று பெண்ணே முடிவு செய்யும் தேர்வுரிமையை ஆதரிப்பவர், பெண் சிசு என்பதற்காகவே கலைக்கப்படும் கருவைப் பற்றி என்ன சொல்வார்? தடையை ஆதரிப்பவர், வன்புணர்வுக்கு ஆளான பன்னிரண்டு வயதுச் சிறுமியிடம் என்ன சொல்வார்? இங்கே தயங்குவது தோல்வி அல்ல. தயக்கமே வராதவரின் பேச்சைத்தான் நான் ஐயத்தோடு கேட்கிறேன்.

'கொலைகாரி' போன்ற சொற்களை எந்த அவையிலும் பயன்படுத்தாதீர்கள். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண் ஒருவர் எதிரே அமர்ந்திருக்கலாம். விரும்பிய கர்ப்பத்தை மருத்துவக் காரணத்தால் இழந்தவராகவும் அவர் இருக்கலாம். அவர் தானாகப் பேச முன்வந்தால், உங்கள் வாதத்துக்குச் சான்றாக்காமல் முழுவதும் கேளுங்கள். முன்வராவிட்டால், காரணம் கேட்காதீர்கள்.